நாற்பத்து மூன்று பைகளும் ஒரு கயிற்றுக் கட்டிலும்

மணப்பாறைக்குத் தெற்கே புதுக்கோயில்பட்டியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பைதான் என்பது கோயில் உபதேசியார் ஞானாதிக்கம் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை வியாகுலமேரி மீறவில்லை, அவளுடைய பைதான் மீறியது.

போன வருஷம் வல்லத்துக்குப் பக்கத்தில் சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியின் அச்சு முறிந்து, மாதா சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் வெயிலில் உட்கார்ந்திருந்ததிலிருந்து உபதேசியாருக்கு மூட்டை என்றாலே ஆகாது. அதனால் இந்த வருஷம் நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்று பை, ஒவ்வொரு பையின் காதிலும் மஞ்சள் துணியில் ஓர் எண் என்று அவரே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுவிட்டார். வியாகுலமேரியின் எண் பதினேழு. கறுப்பு ரெக்ஸின் பை. இரண்டு காவிச் சேலை, ஒரு போர்வை, ஒரு துண்டு, கால்வலிக்கு ஒரு தைலம், அவ்வளவுதான் அதில் இருந்தது. மனசில் இருந்ததற்கு எண் கிடையாது என்பதால் அது நடந்தே வந்தது.

அவள் மணப்பாறையில் ஒரு முறுக்குப் பட்டறையில் முறுக்குச் சுற்றுகிறவள். அவள் புருஷன் சூசைமாணிக்கம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வண்டியோடு வடக்கே போனவன் முதல் வருஷம் போன் பேசினான், இரண்டாம் வருஷம் நாலு மாசத்துக்கு ஒரு தடவை பேசினான், அப்புறம் பேசவே இல்லை. வண்டி முதலாளியைக் கேட்டதற்கு, ஏதோ ஓர் ஊரில் தானாக இறங்கிப் போய்விட்டான், ஊர்ப் பெயர் நினைவில்லை என்றார். இப்போது மகள் ஜெயசீலிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, செப்டம்பர் கடைசியில் நாள் குறித்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கப்போன இடத்தில் அச்சகத்துக்காரர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' உண்டா, இல்லையா? ஜெயசீலி அம்மாவைப் பார்த்தாள். வியாகுலமேரி சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் பத்திரிகைகளைப் பார்த்தாள். மாதாவிடம் நடந்து போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

முதல் நாள் நடை முடிந்து திருச்சிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். விடியக் குளித்துவிட்டு மாற்றுச் சேலை எடுக்கப் பையைத் திறந்தவளின் கையில் கம்பளி தட்டுப்பட்டது. ஆம்பளை போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர். முழங்கையில் வேறு நூல் கொடுத்துத் தைத்திருந்தது. யாரோ பை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவள் உபதேசியாரிடம் கொடுத்தாள்; அவர் ஒலிபெருக்கியில் மூன்று தடவை கேட்டுப்பார்த்தார். ஆகஸ்ட் மாசத்துத் திருச்சியில் ஸ்வெட்டர் என்னுடையது என்று சொல்ல யாரும் இல்லை.

இரண்டாம் நாள் நடை முடிந்து விடிந்தது துவாக்குடியில். அன்றைக்குப் பையில் ஓர் அலுமினியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடியில் ஆணியால் 'சூ.மா.' என்று கீறியிருந்தது. அந்தச் 'சூ'வின் வால் கீழே இறங்கி, சுற்றி வந்து, எழுத்தின் தலையையே தொட்டது. அப்படி எழுதுகிற ஓர் ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மரியே வாழ்க என்று கூட்டம் கிளம்பிப் போய், திரும்பிப் பார்த்து, ஒரு ஆள் குறைகிறதே என்று செபமாலைதான் திரும்பி வந்தாள். செபமாலை சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்காரி.

"என்னடி, காலா?"

"இல்லக்கா. இது அவரோடது."

செபமாலை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "கடுகெண்ணெ வாசம் அடிக்குதே. நம்ம ஊர்ல யாரு இதுல சமைக்கிறா?" என்றாள். பிறகு, "எந்திரி. வெயிலுக்கு முன்னாடி போகணும். சாமான் வந்தா வரட்டும், நாம நடக்கறது நடக்கணும்" என்றாள்.

அன்று மாலைக்குள் விஷயம் நாற்பத்து மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. காணாமல் போன புருஷனின் சாமான் பெண்டாட்டியின் பைக்குள் வருவது நடக்கக்கூடியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்து போகிற ரோட்டில் மாதா என்ன செய்வாள் என்பதற்கு அவரவர்க்கு ஒரு கதை தெரியும். அவர்கள் கேட்டது வேறு. இது ஆள் செத்ததற்கு அடையாளமா, பிழைத்திருப்பதற்கு அடையாளமா? செத்தவன் சாமானைத்தான் பெண்டாட்டிக்கு அனுப்புவார்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வரப்போகிற ஆள்தான் தன் சாமானை முன்னால் அனுப்புவான் என்று மீதிப் பேர் சொன்னார்கள். இரண்டு கட்சியும் வியாகுலமேரியின் முகத்தைப் பார்த்துப் பேசியதில், நடந்துகொண்டிருக்கும்போதே அவள் ஒரு மைலுக்கு விதவையாகவும் அடுத்த மைலுக்குச் சுமங்கலியாகவும் இருந்தாள். நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வல்லத்தில் கட்டில் வந்தது.

பையின் வாயைத் திறந்ததும் ஒரு மரக்கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நாலு ஆம்பளைகள் பிடித்து, கன்று ஈனுகிற பசுவுக்கு உதவுகிற மாதிரி மெதுவாக, பொறுமையாக, பக்கவாட்டில் திருப்பித் திருப்பி இழுத்தார்கள். முழுக் கயிற்றுக் கட்டில். நடுவில் ஓர் ஆள் படுத்துப் படுத்துக் குழி விழுந்த கட்டில். இழுத்து முடித்த பிறகு பை எப்போதும் போல ஒடுங்கிக் கிடந்தது, உள்ளே காவிச் சேலை மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

உபதேசியார் கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அச்சு முறிந்த அதே ஊர் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"வியாகுலம்மா, ஆளுக்கு ஒரு பைன்னுதானே சொன்னேன்?"

"பை ஒண்ணுதாங்க உபதேசியாரே. உள்ள வர்றதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

அவர் ஒதுங்கிப் போய்ப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டார். இது மாதா செய்த புதுமையா, சோதனையா என்று கேட்டார். சாமியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கட்டில் வண்டிக்குள் போகுமா என்று கேட்டார். போகாது என்றார் உபதேசியார். அப்படியானால் தூக்கிக்கொண்டு நடங்கள், மற்றது பிறகு பார்க்கலாம் என்றார் சாமியார்.

ஆக, தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முதலில் வியாகுலமேரிதான் தலையில் சும்மாடு வைத்து ஒற்றையாளாகத் தூக்கினாள். எனக்கு வந்தது, நான்தான் சுமக்கணும் என்று ஒருத்தரையும் தொடவிடவில்லை. தஞ்சாவூர் புறவழிச்சாலை வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்போது பாதம் வெடித்து நடக்கமுடியாமல் இருந்த மரியபுஷ்பம் கிழவியைச் செபமாலை கூட்டிவந்து, "இந்தாங்கடா, இவளை இதுல ஏத்துங்க" என்றாள். நாலு பேர் நாலு காலைப் பிடித்தார்கள். அதிலிருந்து கட்டில் கூட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டது. மணிக்கு ஒரு தடவை ஆள் மாறும். யாருக்குக் கால் போனாலும் அதில் ஏறிக்கொள்வார்கள். காய்ச்சலில் நடுங்கிய இன்னாசிக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டார்கள். டப்பாவில் எலுமிச்சைச் சாதம் வாங்கி எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். எந்தச் சாமானுக்கும் ஓர் உபயோகம் கிடைத்ததும் அதைப் பற்றிய பயம் போய்விட்டது. டீக்கடைகளில் மற்றக் கூட்டத்துக்காரர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வளைகுடாவுக்குப் போய்த் தகவல் இல்லாத மகனுக்காக நடந்துவந்த லால்குடிக்காரி ஒருத்தி, அன்று சாயங்காலம் தன் பையைக் கொண்டுவந்து வியாகுலமேரியின் பையோடு ஒட்டி வைத்துக்கொண்டு படுத்தாள். காலையில் அவள் பையில் அவள் வைத்ததுதான் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் போவதைப் பார்த்து வியாகுலமேரிக்குத் தான் ஏதோ திருடிவிட்டது போல இருந்தது.

அன்றைக்கு, அம்மாபேட்டையில், வந்தது வளையல்.

சிவப்புக் கண்ணாடி வளையல்கள், ஒரு டஜன் இருக்கும், ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றியிருந்தன. பார்த்த பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆம்பளைகளுக்குத்தான் புரிய நேரம் எடுத்தது. மகள் அன்றைக்கென்று சீக்கிரமே போன் பண்ணினாள்.

"அம்மா, பிரஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. போடவா, வேண்டாமா?"

"இரு சீலி. அம்மா நடந்துக்கிட்டிருக்கேன்."

"நடந்தா தெரிஞ்சிரும்னு போனே. தெரிஞ்சுதா?"

"தெரியுது. என்னன்னு தெரியலை" என்றாள் வியாகுலமேரி.

நீடாமங்கலம் வரைக்கும் அவள் யாரோடும் நடக்கவில்லை. பதினொரு வருஷமாக அவன் செத்துப்போயிருப்பான் என்று நினைத்த நாட்களில் அழுதிருக்கிறாள், உயிரோடிருப்பான் என்று நினைத்த நாட்களிலும் அழுதிருக்கிறாள்; இப்போது எதற்கு என்று தெரியாததால் அழுகை தொண்டைவரை வந்து, ஆள் அடையாளம் தெரியாத வீட்டு வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றது.

ஐந்தாம் நாள் கொரடாச்சேரியில் ஒற்றை ஷூ. இடது கால். கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. ஏழெட்டு வயசுப் பிள்ளையின் அளவு. உள்ளே சுருட்டி வைத்த வெள்ளைக் காலுறை இன்னும் ஈரமாக இருந்தது.

"போதும்டி" என்றாள் செபமாலை. "குடும்பமே நடத்தியிருக்கான். இதையெல்லாம் நாம எதுக்குச் சுமக்கணும்? திருவாரூர்ல ஆறு வருது. கட்டிலைத் தவிர எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, பத்திரிகையில 'காலஞ்சென்ற'ன்னு பெருசாப் போடச் சொல்லு. அவன் உசுரோட இருந்தாலும் போடு."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது சரியாகப் பட்டது. திருவாரூர் வந்ததும் உபதேசியார் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஓடம்போக்கி ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியருகே வியாகுலமேரி வளையல் பொட்டலத்தை இடது கையிலும் ஷூவை வலது கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே தண்ணீர் கலங்கலாகப் போனது. லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டு கடந்தன. அவள் கையை ஓங்கியது உண்மை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஓங்கிய கையில் ஷூவின் அடிப்பக்கம் கண்ணுக்கு நேரே வந்தது. குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஜெயசீலிக்கு வாங்கிக்கொடுத்த செருப்பு ஒவ்வொன்றும் அப்படித்தான் தேயும், அவள் அப்பன் செருப்பும் அப்படித்தான் தேயும்.

அவள் கையை இறக்கினாள்.

"ஏன்டி?" என்றாள் செபமாலை.

"பிள்ளை தேடும்லக்கா."

செபமாலை ஷூவை வாங்கித் தன் முந்தானையால் துடைத்து, பையில் வைத்தாள். காலுறையைக் கட்டிலின் கயிற்றில் காயப்போட்டாள். கீழ்வேளூர் போவதற்குள் அது காய்ந்துவிட்டது.

ஆறாம் நாள் கீழ்வேளூரில் வந்தது ஒரு காலண்டர். இந்தி எழுத்து. மேலே ஒரு சாமி படம், கீழே ஏதோ கடையின் பெயர், அதற்குக் கீழே போன் நம்பர். தேதிகளில் சிலவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. சாமான் வண்டி ஓட்டுகிற மதலைமுத்து நாக்பூர் பக்கம் ஆறு வருஷம் லாரி ஓட்டியவன், அவன்தான் படித்தான்.

"உரக் கடைக்கா. மத்தியப் பிரதேசத்துல ஒரு சின்ன ஊரு. பண்ணவா?"

அவள் தலையாட்டினாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. மதலைமுத்து பண்ணினான். கடைக்காரரிடம், மெட்ராஸ் பக்கத்து ஆள், போர் போட வந்தவர், சூசை என்று பெயர் என்றான். கடைக்காரர், அவர் வீட்டில் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். கூட்டம் கிளம்பவில்லை. ஒரு மணி நேரம் நாற்பத்து மூன்று பேரும் மண்டபத்து வாசலில் அந்த போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடித்தபோது மதலைமுத்து அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். ஒரு பெண் குரல், வேகமாக, கோபமாக.

"என்ன சொல்லுது தம்பி?"

"பேரு சம்பாபாய்ங்குது. நீங்கதான் எங்க வீட்டுச் சாமானை எடுக்கறதான்னு கேக்குதுக்கா."

"நான் எடுக்கலை, அதுவா வருதுன்னு சொல்லு."

சொன்னான். அந்தப் பக்கத்தில் குரல் இறங்கியது.

"அதுவாத்தான் போகுதுன்னு அதுவும் சொல்லுது. பிள்ளையோட இடது கால் ஷூ அங்க இருக்கான்னு கேக்குது. நேத்திலேருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகலையாம்."

"இருக்கு. துடைச்சு வெச்சிருக்கோம்னு சொல்லு. இன்னைக்கே பார்சல் போட்டுடறோம்னு சொல்லு."

"நீங்க யாருன்னு கேக்குதுக்கா. என்ன சொல்லட்டும்?"

வியாகுலமேரி கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவரு பிள்ளைக்கு செப்டம்பர் கடைசியில கல்யாணம்னு சொல்லு" என்றாள்.

மதலைமுத்து அதைச் சொல்லி முடித்த பிறகு போனில் எங்கோ ஒரு ஆடு கத்தியது. பிறகு அந்தக் குரல் மெதுவாக, இடையிடையே நிறுத்தி, நீளமாகப் பேசியது. மதலைமுத்து அதை அப்படியே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான்: போன ஐப்பசியில் காய்ச்சல், மூன்று நாள்தான் படுத்தார், போய்விட்டார். சாமானையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு வாரமாகத் தினம் ஒன்று குறைகிறது. பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்து வைத்து விளையாடும், அதில் ஒரு ஷூ உள்ளே விழுந்திருக்கும். வளையல் என்னுடையது. அவர் போன அன்றைக்குக் கழற்றி அவர் பெட்டியிலேயே போட்டேன்.

வியாகுலமேரி துணியைப் பிரித்து வளையல்களைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவள் அவற்றை வெறுத்த வெறுப்புக்கு இப்போது போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. ஏன் போனார், ஏன் திரும்பவில்லை என்று கேட்பதற்குப் பதினொரு வருஷமாக அவள் வைத்திருந்த கேள்விகள் எல்லாம் உண்டு. அந்த நேரத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "பிள்ளை பேரு என்னன்னு கேளு" என்றாள். கங்கா என்று வந்தது பதில்.

போன் வைத்த பிறகு உபதேசியார் எழுந்து கட்டிலை மண்டபத்தின் நடுவில் போடச் சொன்னார். அதன் மேல் இன்னாசி ஸ்வெட்டரைக் கழற்றி விரித்தான். டப்பாவையும் வைத்தார்கள். வளையலை வைக்கலாமா என்று யாரோ தயங்கினார்கள். வியாகுலமேரியே எடுத்து ஸ்வெட்டரின் மேல் வைத்தாள். இறந்தோருக்கான ஜெபத்தை உபதேசியார் சொல்ல, மற்றவர்கள் முழங்காலில் நின்று பதில் சொன்னார்கள். அவள் மட்டும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. யாருக்காக என்பதில் இன்னும் குழப்பம் இருந்ததால் எல்லாருக்குமாக அழுதாள்.

பிறகு மகளுக்குப் போன் பண்ணினாள்.

"போடச் சொல்லு சீலி."

"எதைம்மா?"

"காலஞ்சென்ற."

"எப்பம்மா?" என்றாள் ஜெயசீலி. "வந்து சொல்றேன். உனக்கு ஒரு தங்கச்சியும் இருக்கு, அதையும் வந்து சொல்றேன்" என்றாள் அம்மா.

நாகப்பட்டினத்தில் ஷூவையும் காலுறையையும் பார்சல் போட்டார்கள். ஜெயசீலி கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த கொலுசு மாதிரி ஒன்று அந்தப் பிள்ளைக்கும் வைக்கலாமா என்று செபமாலையே கேட்டாள். அதற்கு நேரமில்லாமல், கடைத்தெருவில் முறுக்கு வாங்கி வைத்தார்கள். வளையலையும் வைக்கப்போன வியாகுலமேரி, அதை அவள் எதற்கு மறுபடி பார்க்கவேண்டும் என்று எடுத்துவிட்டாள். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் யாரையும் கட்டிலில் ஏற்றவில்லை. வெறுங்கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு நாலு பேராக மாறி மாறிப் போனார்கள்; எதிரே வந்தவர்கள் என்னவென்று புரியாமலேயே வழி விட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் வேளாங்கண்ணியில் பையைத் திறந்தபோது புதிதாக ஒன்றும் வந்திருக்கவில்லை, காவிச் சேலைதான் இருந்தது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது, கடல் பக்கமிருந்து காற்று மணலை வாரி இறைத்தது, காணிக்கை வைக்கிற இடத்தில் கட்டிலை எப்படி வாங்குவது என்று தெரியாமல் அங்கிருந்த ஊழியர் இன்னொருவரைக் கூப்பிடப் போயிருந்தார். அப்போது மதலைமுத்து ஜனத்தை விலக்கிக்கொண்டு போனோடு ஓடிவந்தான்.

"அக்கா, அந்தச் சம்பாபாய். நேத்து ஒண்ணு கேக்க மறந்துட்டாங்களாம். அவரு தினம் தூக்கத்துல ஒரு வார்த்தை கேப்பாராம். இவங்க பாஷை இல்லையாம். கேட்டா, ஒண்ணுமில்லேன்னுடுவாராம். எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு மனப்பாடமா வெச்சிருக்காங்க. அர்த்தம் என்னன்னு உங்களைக் கேக்கணுமாம்."

வியாகுலமேரி போனைக் காதில் வைத்து மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, சொன்னாள்.

"தன்னி வந்துர்சா?"

ஊரில் வியாகுலமேரியின் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு தடவை விடியற்காலையில்தான் குழாயில் தண்ணீர் வரும். கண்ணைத் திறக்காமலேயே அவன் அப்படிக் கேட்பான். போர் போடுகிற இடத்திலும், முந்நூறு அடி போன பிறகு, மேலே நிற்கிறவன் குழாயருகில் நிற்கிறவனிடம் அதையேதான் கத்திக் கேட்பானாம், ஒரு தடவை அவனே சொல்லியிருக்கிறான். அந்த ஊரில், அந்தக் குழி விழுந்த கட்டிலில், அவன் எதைக் கேட்டான், யாரிடம் கேட்டான் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"தண்ணி வந்துருச்சான்னு கேட்டிருக்காருன்னு சொல்லு தம்பி."

மதலைமுத்து போனை வாங்கிச் சொன்னான். கேட்டான். திரும்பினான்.

"அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு கேக்குது. இத்தனை வருஷமா ஒண்ணும் சொல்லாமயே படுத்திருந்துட்டேனேங்குது."

அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நடுவில் இனி ஆள் தேவைப்படவில்லை.

"வந்துருச்சு" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, "வந்து...ருச்சு."

"வந்துர்சூ" என்றது அந்தக் குரல். அதற்குப் பின்னால் இன்னொரு சின்னக் குரல், சிரித்துக்கொண்டே, "வந்துர்சூ, வந்துர்சூ" என்றது.

"ஆமா" என்றாள் வியாகுலமேரி. "அப்படித்தான் சொல்லணும்."